கரகரப்பு யாருடையது?

தம்புராவின் குதிரை மேல் தந்தி உட்காருகிற இடத்தில், தந்திக்கு அடியில் சின்ன நூல் துண்டு ஒன்றைச் செருகுவார்கள். பருத்தி நூலோ பட்டு நூலோ, சின்னத் துணுக்கு போதும். அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே மீட்டினால் ஓரிடத்தில் தந்தியின் குரல் மாறிவிடும். அதுவரை ‘டொங்’ என்று விழுந்து அடங்கியது, சட்டென்று ரீங்காரமாக விரிந்து அறை முழுக்க நிற்கும். நடந்தது இவ்வளவுதான்: அதிர்கிற தந்தி ஒவ்வொரு தடவையும் குதிரையின் வளைந்த முதுகை லேசாக உரசுகிறது. அந்த உரசலில் மேல்சுரங்கள் தெறிக்கின்றன. கறாராகச் சொன்னால் இது ஒரு பழுது. தந்தி எதிலும் படாமல் அதிர வேண்டும் என்பதல்லவா ஒழுங்கு? ஆனால் அந்த நூலுக்கு நம் ஆட்கள் வைத்திருக்கிற பெயர் ஜீவா. உயிர்.

பெங்களூரில் ராஜ் நாராயண் 1979 வாக்கில் மின்னணுத் தம்புராவைச் செய்தபோது, சுருதியை மட்டும் கொடுத்தால் போதாது, அந்த உரசலையும் மின்சுற்று கொடுத்தாக வேண்டும் என்ற நிலை இருந்தது. இன்று கச்சேரி மேடைகளில் அந்தப் பெட்டியோ கைபேசிச் செயலியோ ஒலிக்காத இடம் குறைவு. அதில் நூலும் இல்லை, குதிரையும் இல்லை, உரசலும் இல்லை. ஆனாலும் “இது பொய்யான ரீங்காரம்” என்று யாரும் எழுந்து போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் ஊரில் ஒரு பையன், வீட்டுக்குள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சிந்தசைசர் ஒலிகளில் வேண்டுமென்றே கரகரப்பை ஏற்றினால் மட்டும் இந்தக் கேள்வி ஏன் வருகிறது? வந்தது. சென்னையில் ஒலிப்பதிவுத் துறையில் இருக்கும் நண்பர் அவனுடைய ஒரு தடத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நாங்க வாழ்நாள் பூரா இந்தக் குப்பையைக் கூட்டித் தள்ளினோம். இவன் என்னடான்னா அதை அள்ளிட்டு வந்து நடுவீட்ல கொட்டுறான்.” கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதில் ஓர் ஒழுக்கக் குற்றச்சாட்டு இருந்தது. பழுதே இல்லாத கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பழுது இருப்பதுபோல் பாவனை செய்வது நேர்மையா?

முதலில் அவன் என்ன செய்கிறான் என்று சொல்லிவிடுகிறேன். வைட்டல், சர்ஜ் மாதிரி இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் சிந்தசைசர்கள். அவற்றில் பிறக்கும் அலை கணக்குப் பிசகாமல் சுத்தமாக இருக்கும். அந்த அலையின் தலையையும் காலையும் வெட்டித் தட்டையாக்குவான்; ஒலி முறுகும். ஒலியை அளக்கிற படிகளைக் குறைப்பான். 16 பிட்டில் 65,536 படிகள் இருக்கிற இடத்தில் 12 பிட் என்றால் 4,096தான். வழுக்கிக்கொண்டு போன அலை படிக்கட்டு ஏறி இறங்கத் தொடங்கும். நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பதையும் குறைப்பான். அப்படிக் குறைக்கும்போது விசித்திரமான ஒன்று நடக்கும். நொடிக்கு 26,040 முறை அளந்தால் அதில் பாதியான 13,020 ஹெர்ட்ஸ் வரைதான் பிடிபடும். அதற்கு மேலுள்ள சுரம் காணாமல் போய்விடாது. மடங்கிக் கீழே வந்துவிழும். 15,000 ஹெர்ட்ஸில் இருந்தது 11,040இல் வந்து உட்காரும், எந்த ராகத்துக்கும் சொந்தமில்லாத சுரமாக.

இந்த 26,040 என் கற்பனை எண் அல்ல. 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற கருவியின் அளவு அது. மொத்தமே ஏறக்குறைய 10 நொடி ஒலியைத்தான் அதில் சேமிக்க முடியும். நியூயார்க்கின் ஹிப் ஹாப் பையன்கள் அந்தப் பத்து நொடிக்குள் ஒரு பாட்டையே கட்ட வேண்டியிருந்தது. அதனால் 33 சுற்று இசைத்தட்டை 45 சுற்றில் வேகமாக ஓட்டிப் பதிவார்கள். பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். இடம் மிச்சம். கூடவே ஒரு மொறமொறப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதை யாரும் கேட்டு வாங்கவில்லை. இடப்பற்றாக்குறைக்குக் கொடுத்த வட்டி அது.

ரோலண்டின் டிஆர்-808 தாளப்பெட்டி 1980இல் வந்தது. அதன் ஜிலீர் ஒலிகளுக்காகத் தரச்சோதனையில் தேறாத டிரான்சிஸ்டர்களைத் தெரிந்தே வாங்கிப் போட்டதாகவும், உற்பத்தி முறை சீராகி அந்தப் பழுதான சரக்கு கிடைக்காமல் போனபோது பெட்டியையே நிறுத்தவேண்டி வந்ததாகவும் நிறுவனர் ககேஹாஷி பின்னாளில் சொன்னார். அடுத்து வந்த டிபி-303இன் கதை இன்னும் வேடிக்கை. தனியாக கிட்டார் வாசிப்பவருக்கு பேஸ் துணைக்கு என்று செய்யப்பட்டது; யாருக்கும் பிடிக்கவில்லை; 1984இல் நிறுத்திவிட்டார்கள். அடிமாட்டு விலைக்கு வந்த அந்தப் பெட்டியைச் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் வாங்கி, குமிழ்களைக் கண்டபடி திருகி, 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டார்கள். அதிலிருந்து ஓர் இசை வகையே கிளம்பியது. (அதற்கு ஐந்து வருஷம் முன்பே பம்பாயில் சரண்ஜித் சிங் இதே 303ஐயும் 808ஐயும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டுவிட்டார். அன்று வாங்க ஆளில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபிறகுதான் உலகம் வாயைப் பிளந்தது.) இன்று ஒரு பழைய 303இன் விலை லட்சங்களில். அதன் கோளாறுகளை அச்சு அசலாகப் போலி செய்யும் மென்பொருளுக்கும் தனி விலை.

கவனியுங்கள், இவற்றில் கரகரப்பு முதலில் ஓர் இல்லாமையின் அடையாளமாக இருந்தது. நினைவகம் இல்லை, நல்ல டிரான்சிஸ்டர் இல்லை, புதுக் கருவி வாங்கக் காசு இல்லை. நண்பரின் குற்றச்சாட்டு குறிவைக்கும் இடம் இதுதான். இல்லாதவன் பட்ட பாட்டின் தழும்பை, பாடு படாதவன் பச்சை குத்திக்கொள்கிறான் என்கிறார். கிழித்து விற்கிற ஜீன்ஸ் கால்சட்டை ஞாபகம் வருகிறது இல்லையா? எனக்கும் வந்தது.

நம் மரபில் இதற்கு ஓர் எதிர்த்தரப்பும் இருக்கிறது. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை இலம்பகத்தில் சீவகன் கையில் யாழ்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறான். இது நீரில் கிடந்து அழுகிய மரம், இது இடி விழுந்த மரம், இது வெந்த மரம் என்று. நரம்பைப் பிரித்து உள்ளே சிக்கியிருக்கும் மயிரைக் காட்டுகிறான். யாழ் மரத்துக்கும் நரம்புக்கும் ஆகாத குற்றங்களை உரையாசிரியர்கள் பட்டியலாகவே சொல்வார்கள். மரம் பட்ட துன்பம் இசைக்குள் வரக்கூடாது என்ற பார்வை அது. ஆனால் எனக்கு அதில் வேறொன்றுதான் பெரிதாகத் தெரிகிறது. அந்தத் துன்பத்தைக் கேட்கத் தெரிந்த காது அது. மரத்தின் மேல் இடி விழுந்தது என்று ஒலியை வைத்தே சொல்லிவிடும் காதுக்கு, கரகரப்பு வெறும் அலங்காரமாக ஒருநாளும் இருக்க முடியாது. அது ஒரு சாட்சியம். சாட்சியம் என்று வந்துவிட்டால் பொய்ச்சாட்சி என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

சரி, இதை ஊருக்குக் கொண்டுவந்து பார்க்கலாம்.

சங்கரன்கோவில் சென்னையிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். 1986இல் ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ பாடல்களில் இளையராஜாவின் சிந்தசைசர்களும் கணினி இசையும் பெரிய பேச்சாக இருந்தன. கோடம்பாக்கத்தில் பதிவாகும்போது அந்த ஒலிகள் பளிங்குபோல் இருந்திருக்கும். எங்களுக்கு அவை அப்படி வந்துசேரவில்லை. கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, நகலிலிருந்து நகலாக எடுத்த கேசட்டில் ஒரு தடவை தேய்ந்தன. டீக்கடை டேப் ரிக்கார்டரில் இன்னொரு தடவை. கடைசியாகக் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் வேப்பமரத்தில் கட்டிய ரேடியோ செட்டின் குழாய் வழியாக வந்தன. வெளியூர்க்காரர்கள் கூம்பு ஒலிபெருக்கி என்பார்கள். எங்களுக்கு அது குழாய்தான். ஆடித்தபசுக்குத் தேரடியிலிருந்து ஊர் எல்லை வரைக்கும் குழாய் கட்டியிருந்த காலத்தில், ஒரே பாட்டு பத்து மூலையிலிருந்து பத்துவிதத் தாமதத்தோடு வந்து மோதும். அந்த மோதலும் பாட்டோடு சேர்ந்ததுதான்.

இந்தக் குழாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு பேஸ் வராது. சுமார் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஏறத்தாழ ஊமை. அப்படியென்றால் ‘விக்ரம்’ பாட்டின் அடிநாதம் எங்களுக்குக் கேட்டதே, எப்படி? 80 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று கரடுமுரடாக இருந்தால் அதற்கு 160, 240, 320 என்று மேல்சுரங்கள் இருக்கும். குழாய் அவற்றில் 400, 480, 560 போன்றவற்றை மட்டும் துப்பும். காது அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி 80 என்று கண்டுகொண்டு, வராத அடிச்சுரத்தைத் தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். சுத்தமான, மேல்சுரமே இல்லாத 80 ஹெர்ட்ஸ் அலையைக் குழாயில் விட்டால் தெருவுக்கு ஒன்றுமே கேட்காது. அழுக்கு இருந்தால்தான் அடிநாதம் அடுத்த தெருவுக்குப் போகும்.

இது எனக்கு நண்பரின் வாதத்தையே புரட்டிப்போட்ட செய்தி. நல்ல ஒலிபெருக்கி வைத்திருப்பவனுக்குத்தான் சுத்தமான பேஸ் கேட்கும். மோசமான ஒலிபெருக்கி வைத்திருப்பவனைச் சென்று சேர வேண்டுமானால் கரகரப்பு தேவை. இன்றும் பெரிய ஒலிக்கலவைக்காரர்கள், கைபேசியின் பொட்டு ஸ்பீக்கரில் பேஸ் கேட்க வேண்டும் என்பதற்காக அதில் முறுகலை ஏற்றுகிறார்கள். குப்பை என்று நண்பர் சொல்வதில் ஒரு பங்கு, வசதியில்லாத காதுக்கு இசை போய்ச் சேரும் வண்டி.

பையனிடம் இதைச் சொன்னேன். அவன் 2000க்குப் பிறகு பிறந்தவன். நகல் கேசட் கேட்டு வளர்ந்தவன் அல்ல.

“அண்ணாச்சி, நீங்க சொல்லுத கணக்கெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா நான் அதுக்காகப் போடல.”

“பெறகு எதுக்குப் போடுத?”

“ப்ளெய்னா கேட்டா அது எங்கயோ உக்காந்து எவனோ போட்டது மாதி இருக்கு. கொஞ்சம் ஒடச்சு விட்டாத்தான் நம்ம தெருவுல கேக்க மாதி இருக்கு.”

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். “இது 1986இல் பதிவானது” என்று சொல்லி அவன் விற்றால் பொய். “நான் பழுதான பெட்டியோடு மல்லுக்கட்டி வந்தவன்” என்று பேட்டி கொடுத்தால் பொய். அவன் இரண்டும் செய்யவில்லை. ஒலி தன்னளவில் எதையும் சத்தியம் செய்வதில்லை. அதைச் சுற்றி நாம் சொல்லும் கதைதான் சத்தியம் செய்கிறது. மின்னணுத் தம்புரா யாரையும் ஏமாற்றாததற்குக் காரணமும் இதுதான். பெட்டி பெட்டியாகவே மேடையில் இருக்கிறது.

அதோடு தீர்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. எந்தக் கரகரப்புக்கு ஜீவா என்று பேர், எதற்கு இரைச்சல் என்று பேர் என்பதை யார் முடிவு செய்தார்கள்? உறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த குச்சியைத் தோலின் மேல் அழுத்தித் தேய்த்து எழுப்பும் முனகல். உரசலில் பிறப்பதுதான் அதுவும், தம்புராவின் ரீங்காரம் போலவே. ஒரு சிந்தசைசர்க்காரன் மணிக்கணக்காக உட்கார்ந்து தேடுகிற முறுகல், சுருதி வழுக்கல், அடிவயிற்று அதிர்வு எல்லாம் அதில் தயாராக இருக்கிறது. ஆனால் அதை வாசித்தவர்கள் சாவுக்கும் சாமிக்கும் கூப்பிடப்பட்டார்கள், சபாக்களுக்குக் கூப்பிடப்படவில்லை. இந்தப் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து தெருவிலிருந்து கச்சேரி மேடைக்கு ஏறிவிட்டது. காவடிக்கு முன்னால் போன மேளம் தெருவிலேயே நிற்கிறது. சுத்தம், அசுத்தம் என்ற சொற்கள் நம் ஊரில் ஒலியைப் பற்றி மட்டும் பேசியவை அல்ல. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், “குப்பையைக் கூட்டினோம்” என்ற வாக்கியம் எனக்கு வேறு மாதிரி ஒலிக்கிறது. நண்பர் அந்த அர்த்தத்தில் சொன்னவரல்ல. சொல் தன் அர்த்தத்தைத் தானே சுமந்து வருகிறது.

ஆக, பையன் பக்கம்தான் நியாயம் என்று நான் ஒரு மாதிரி முடிவுக்கு வந்திருந்தேன். அப்போதுதான் தறிச் சத்தம் வந்தது.

சங்கரன்கோவிலில் விசைத்தறி இல்லாத திசை கிடையாது. சில தெருக்களில் நடந்தால் பேச்சு நின்றுவிடும். கையால்தான் பேச வேண்டும். சாதா விசைத்தறியில் நாடா நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அடிபட்டு ஓடும். அப்படிப் பத்துத் தறி ஒரு கொட்டகைக்குள். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல்தான் வரம்பு என்று தொழிற்சாலை விதி. தறிக்கொட்டகைகளுக்கு அதைத் தாண்டுவது சாதாரணம். வருஷக்கணக்காக அதில் நிற்பவர்களுக்கு முதலில் போவது மேல்சுரங்கள். குழந்தை பேசுவது கேட்கும், என்ன சொல்கிறது என்று புரியாது.

பையன் அந்தச் சத்தத்தைக் கைபேசியில் பதிந்து, 12 பிட்டுக்கு இறக்கி, அடியில் ஒரு முறுகிய பேஸ் ஓடவிட்டு, தாளமாக்கிவிட்டான். பிரமாதமாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. நாடா அடிக்கிற இடத்தில் உடம்பு தானாக ஆடியது. சந்தோஷத்தில் அவன் அதை எடுத்துக்கொண்டுபோய்த் தறி ஓட்டும் ஒரு அக்காவிடம் காதில் மாட்டிக் கேட்கச் சொல்லியிருக்கிறான். அவன் பதிந்ததே அவருடைய தறியைத்தான். அக்கா ஹெட்போனை மாட்டுவதற்கு முன்னால் காதிலிருந்து பஞ்சை எடுத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கழற்றிக் கொடுத்தாராம்.

“இதக் கேக்கக் கூடாதுன்னுதானே தம்பி பஞ்சு வச்சிருக்கேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவன் அன்றைக்கு என்னிடம் வந்து சொன்னபோது சிரிக்கவில்லை.

குழாயின் கரகரப்புக்கும் தறியின் கரகரப்புக்கும் என்ன வித்தியாசம்? குழாயின் பழுது எங்கள் எல்லோருடையது. தெருவே அதைக் கேட்டது, சகித்தது, ஆடியது. அதை மறுபடி உண்டாக்குகிறவன் தன் வீட்டுப் பாத்திரத்தைத்தான் எடுத்துப் புழங்குகிறான். 808இன் கெட்டுப்போன டிரான்சிஸ்டருக்கு வலிக்காது. தறியின் இரைச்சலை இன்றைக்கும் ஒருத்தர் காதால் கட்டிக்கொண்டிருக்கிறார். அது இன்னும் தழும்பாகவில்லை, புண்ணாக இருக்கிறது. பத்து நிமிடம் ஹெட்போனில் கேட்டுக் கழற்றி வைக்கக் கூடியவனுக்கு அது அழகு. கழற்ற முடியாதவருக்கு அது கூலியின் ஒரு பகுதி. அந்த அழகு பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை, நானே ஆடினேன். ஆனால் அந்த அழகுக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது என்பது தெரிகிறது. அந்தக் கணக்கை மென்பொருளில் எந்தக் குமிழைத் திருகியும் தீர்க்க முடியாது. அப்படியானால் அந்த ஒலியைத் தொடவே கூடாதா? அதையும் நான் சொல்லமாட்டேன். தொடாமல் விட்டால் அந்தக் கொட்டகைச் சத்தம் கொட்டகைக்குள்ளேயே கிடக்கும், பஞ்சுக்கும் காதுக்கும் நடுவில். ஊருக்கு வெளியே யாருக்கும் அது சாட்சியமாகப் போய்ச் சேராது. அவன் செய்த ஒன்று எனக்குச் சரியாகப் பட்டது: சம்பந்தப்பட்டவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்கச் சொன்னது. 303ஐ விற்பனைச் சரக்காக்குகிறவர்கள் அந்தச் சிகாகோப் பையன்களின் வாசல்படியில் போய் நின்றிருப்பார்களா என்று சந்தேகம்தான்.

அந்தத் தடத்தை அவன் அழிக்கவில்லை. அக்காவிடம் மறுபடி போய், “சரி, தறிக்கொட்டகையில ஒங்களுக்குப் பிடிச்ச சத்தம் எது?” என்று கேட்டிருக்கிறான். கரண்ட் போகும்போது என்றாராம். அத்தனை தறியும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து நிற்கிற அந்த இரண்டு மூன்று நொடி, அப்புறம் வரும் அமைதி, தூரத்தில் யாரோ பாத்திரம் விளக்குகிற சத்தம். பையன் ஒரு வாரம் காத்திருந்து அதைப் பதிந்து வந்தான். இப்போது தடத்தின் நடுவில், தாளம் உச்சிக்குப் போகிற இடத்தில், எல்லாம் இழுத்து நின்றுவிடும். பதினோரு நொடி கரகரப்பே இல்லாத இடம். எந்த அலையையும் வெட்டவில்லை, எந்தப் படியையும் குறைக்கவில்லை. அதைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினான். இந்தத் தடவை முழுக்கக் கேட்டார்.

“நல்லாருக்கு. ஆனா கரண்ட் போனா கூலியும் போச்சுல்லா” என்றாராம்.